எந்தப் பக்கம் குதிக்கணும்

கூனமலைச் சரிவுல டிராக்டர கவுத்தவங்க நெறைய பேரு. அதுல, இன்னிக்கும் கேள்வி கேட்டா பதில் சொல்லக்கூடிய ஆளு செங்கமலம் மட்டும்தான். மத்தவங்களுக்கு வருஷம் ஒருக்கா படையல் போடறாங்க.

அதனாலதான் மருதாசலம் அவங்ககிட்ட டிராக்டர் கத்துக்கப் போனாரு.

டீக்கடையே சிரிச்சுச்சு. வண்டிய கவுத்தவகிட்டயா போய்க் கத்துக்கறன்னு கேட்டாங்க. கவுத்துட்டு டீ குடிக்க வந்தவங்க வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அவங்ககிட்ட போறேன்னாரு. யாரும் கைதூக்கல.

மருதாசலத்துக்கு அம்பது தாண்டிருச்சு. காலம் பூரா கீழ்நாட்டுல லாரி ஓட்டிட்டு, இடுப்பு வலியோட ஊரு திரும்பினவரு. செங்கமலம் அவரோட கடைசித் தங்கச்சிய விடச் சின்னவங்க. சொந்தமா ஒரு டிராக்டர் வெச்சு மரவள்ளிக்காட்ட உழுது பொழைக்கறாங்க. அவரு அவங்கள வாத்தியாரேன்னு கூப்பிடுவாரு. அவங்க அவர அண்ணேம்பாங்க. இதுல எது மரியாதை எது கிண்டல்னு ரெண்டு பேருமே கேட்டுக்கல.

மொத நாளே மருதாசலம் விஷயத்துக்கு வந்துட்டாரு.

"வாத்தியாரே, சரிவுல வண்டி கவுந்தா எந்தப் பக்கம் குதிக்கணும்?"

கேட்டதுல நியாயம் இருந்துச்சு. போன அறுவடையிலதான் ஊர்ப்பெரியவர் கொளந்தையப்பனோட டிராக்டர் கவுந்துச்சு. அத ஓட்டுன சடையன் குதிச்சாரு. அவரு குதிச்ச பக்கமே வண்டியும் வந்துச்சு. சடையன் தப்பான பக்கம் குதிச்சுட்டான், மேட்டுப் பக்கம் குதிச்சிருந்தா இருந்திருப்பான்னு ஊரு முடிவு பண்ணி, சடையன் மேலயே பழியப் போட்டு வீட்டுக்குப் போயிருச்சு.

செங்கமலம் சீட்டக் காட்டினாங்க.

"ஏறி உக்காருங்க. பெல்ட்ட மாட்டுங்க."

மருதாசலம் பெல்ட்டப் பார்த்தாரு. லாரியில பெல்ட்டுங்கறது போலீஸ்காரரு கண்ணுல பட்டதும் தோள்ல எடுத்துப் போடற துண்டு மாதிரி. அத நெஜமாவே மாட்டுன ஆள அவரு பார்த்ததில்ல. கட்டிப் போட்டா எப்படி வாத்தியாரே குதிக்கறதுன்னு கேட்டாரு.

செங்கமலம் டிராக்டர் மேல ஏறினாங்க. அவங்க வண்டியில சீட்டுக்குப் பின்னாடி, தலைக்கு மேல வரைக்கும், கனத்த இரும்புல ஒரு வளைவு நிக்கும். ஊர்ல அதுக்குத் தலைக்கம்பின்னு பேரு. வண்டி முன்னாடி கட்ட வாங்கி வெச்ச எலுமிச்சம்பழத்துல ஒண்ண எடுத்து, அந்தக் கம்பி உச்சியில புடிச்சுக்கிட்டாங்க.

"பெல்ட்டு வேணாம். சும்மா உக்காருங்க. நான் பழத்த விட்டதும் குதிங்க. பழத்துக்கு முன்னாடி கீழ போயிருங்க."

பழம் விழுந்துச்சு. மருதாசலம் அப்பத்தான் எந்திரிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தாரு.

இன்னொருக்காங்கன்னாரு. பழம் விழுந்தப்ப ஒரு கால் கிளட்ச்சுல மாட்டியிருந்துச்சு. இன்னொருக்கா. வேட்டி கியர் கம்பியில மாட்டுச்சு. அடுத்த நாள் வேட்டிய வீட்டுலயே விட்டுட்டு டிராயரோட வந்தாரு. அப்பவும் பழம்தான் மொதல்ல போச்சு. அடிபட்ட பழமெல்லாம் செங்கமலம் வீட்டுல ஊறுகா ஆச்சு. ஊறுகா தீர்ற வரைக்கும் ஒருக்காகூட அவரு ஜெயிக்கல.

ஆனா விடல. பழத்துக்குத் தெரியாம குதிக்கணும்னு ஒரு நாள் சொன்னாரு. செங்கமலம் பெல்ட்ட மாட்டி விட்டாங்க.

இந்த வாத்தியாரு கூட உக்காந்து சொல்லிக்கொடுக்கற ஆளு இல்ல. சீட்டு ஒண்ணு, பெல்ட்டு ஒண்ணு, ஆளும் ஒண்ணும்பாங்க. மேட்டுப் பக்கமா கொஞ்சம் தள்ளி, கூடவே நடந்துக்கிட்டு கத்துவாங்க.

ஒரு நாள் எறக்கத்துல டீசல் மிச்சம் புடிக்கலாம்னு மருதாசலம் நியூட்ரல் போட்டாரு. லாரிப் புத்தி. வண்டி தாறுமாறா எறங்கி, புண்ணியத்துல ஒரு வரப்புல முட்டி நின்னுச்சு. திரும்பிப் பார்த்தா செங்கமலம் வீட்டப் பார்த்து நடந்து போய்க்கிட்டிருந்தாங்க. பின்னாடியே ஓடி, என்ன வாத்தியாரே விட்டுட்டுப் போறீங்கன்னாரு.

"நீங்கதான் வண்டிய ஓட்டலியே. ஓட்டாத வண்டிக்கு நான் எதுக்கு?"

அதுக்கப்பறம் எந்த கியர்ல ஏறினாரோ அதே கியர்லதான் எறங்கினாரு.

இன்னொரு நாள் ரெண்டு பிரேக் பெடலயும் சேர்க்கற கொக்கிய அவங்களே எடுத்து விட்டுட்டு, களத்து மேட்டுல மெதுவா ஓட்டி பிரேக் புடிக்கச் சொன்னாங்க. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்னு, வண்டி அப்படியே சுத்தி எருக்குழியப் பார்த்து வணக்கம் வெச்சுச்சு. மருதாசலம் எறங்கி வந்து, தன் கையாலயே கொக்கிய மாட்டுனாரு. அன்னிக்குப் பாடம் அவ்வளவுதான்.

கெளம்பும்போது ஒண்ணு மட்டும் கேட்டாரு. கொளந்தையப்பன் பழுது பார்த்து வெச்சிருக்கற அந்தப் பழைய வண்டியில தலைக்கம்பியே இல்லியே, அத ஓட்டுனா பெல்ட்டு கட்டறதா வேணாமா?

"அந்த வண்டியில ஏறாதீங்க."

இப்படி இருக்கறப்ப திருவிழா வந்துச்சு.

மலை உச்சியில சரிவுகாத்தா அம்மன் கோயிலு. வருஷத்துக்கு ஒரு நாள் அம்மன டிரெய்லர்ல வெச்சு கீழ இருந்து உச்சிக்கு ஏத்துவாங்க. ஓட்டிக்கிட்டுப் போறவருக்கு மேல பரிவட்டம் கட்டுவாங்க. சாமி முன்னாடி தலையில துணி கட்டற அந்த மரியாதை மருதாசலத்தோட வகையறாவுக்கு எந்தக் காலத்துலயும் கெடச்சதில்ல. அவங்க டிரெய்லருக்குப் பின்னாடி, புழுதி எங்க அடங்குதோ அங்க நடக்கறவங்க.

முன்னாடி உக்காரற உரிமை ரெண்டு வீட்டுக்கு. பெரியவூட்டுக்கு இடது பக்கம். கீழவூட்டுக்கு வலது பக்கம். மாட்டுவண்டி காலத்துல வண்டிக்காரனுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்தாங்க. டிராக்டர் வந்ததும் எங்க உக்காரறதுன்னு பார்த்தாங்க. பெரிய சக்கரம் ரெண்டுக்கும் மேல ஒவ்வொரு மட்கார்டு இருந்துச்சு. டிராக்டர் செஞ்சவன் நம்ம ரெண்டு வீட்டையும் மனசுல வெச்சுத்தான் செஞ்சிருக்கான்னு முடிவு பண்ணிட்டாங்க. அன்னிலருந்து மட்கார்டு பரம்பரைச் சொத்து. பெரியவூட்டு இடது மட்கார்டுக்கு இப்ப வாரிசு கொளந்தையப்பன்.

சடையன் போனதுக்கப்பறம் கொளந்தையப்பனோட வண்டிய ஓட்ட யாரும் வரல. கோயில் கூட்டத்துல செங்கமலத்தோட வண்டியக் கேட்டாங்க. வண்டி மட்டும் போதும், பொம்பள ஓட்டுனா அம்மனுக்கு ஆகாதுன்னாங்க.

அம்மன் என்ன ஆம்பளையான்னு செங்கமலம் கேட்டாங்க. பூசாரி இருமினாரு.

சரி, மருதாசலண்ணன் ஓட்டட்டும், ஆனா வண்டியில அவரு ஒருத்தருதான்னாங்க. மட்கார்டு ரெண்டும் காலி. டிரெய்லர்ல அம்மன் மட்டும். பூசாரியும் நடக்கணும். தலைக்கம்பியில யாரும் கை வெக்கக் கூடாது.

கொளந்தையப்பன் துண்ட உதறி எந்திரிச்சாரு. எங்க தாத்தா உக்காந்தாரு, எங்கப்பா உக்காந்தாரு, ஒருத்தரும் விழலன்னாரு. அப்ப இந்த வருஷமும் அவங்களையே கூப்பிட்டு உக்கார வைங்கன்னு செங்கமலம் சொன்னாங்க.

கூட்டம் கொஞ்ச நேரம் சத்தமாவே நடந்துச்சு. கடைசியில தீர்த்து வெச்சது கீழவூட்டுப் பெரியவரு. பெரியவூட்டுக்காரரு உக்காரலன்னா எனக்கும் வேணாம்னுட்டாரு. தனக்கு இல்லங்கறத விட அவனுக்கு இல்லங்கறதுல அவருக்கு ஒரு குளிர்ச்சி. வேற வண்டியும் இல்ல. கொளந்தையப்பன் வாயத் தொறக்கல. அத ஒத்துக்கிட்டதா எழுதிக்கிட்டாங்க.

தலைக்கம்பிக்கு மட்டும் ஒரு தகராறு பாக்கி. மலையடிவாரத்துல பெரியவூட்டுக்காரங்க கட்டற பூத்தோரணம் தாழ இருக்கும். கம்பி அதுல இடிக்கும். தோரணத்த ஒசத்தினா ஐதீகம் கெட்டுரும், கம்பிய அறுங்கன்னு கொளந்தையப்பன் ஆளுங்க ரம்பத்தோட வந்தாங்க. மருதாசலம் கடப்பாரையோட வந்தாரு. தோரணமும் ஒசரக் கூடாது, கம்பியும் கொறையக் கூடாது, அவ்வளவுதானேன்னுட்டு தோரணத்துக்குக் கீழ ரோட்ட வெட்டித் தாழ்த்துனாரு. ரோட்டுக்கு ஐதீகம் இருக்கான்னு யாருக்கும் தெரியல. ரம்பம் வந்த வழியே போச்சு.

திருவிழா அன்னிக்குக் காலையில மழை விட்டிருந்துச்சு. பூசாரி அம்மன டிரெய்லர்ல ஏத்தி, புதுக்கயிறு போட்டு, பலகையோட சேர்த்துச் சுத்திச் சுத்திக் கட்டினாரு. கால முட்டுக் கொடுத்து இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாரு. அதுக்கு மேல மாலையப் போட்டு கயித்த மறைச்சாரு.

மருதாசலம் டிரெய்லரோட இணைப்புப் பின்னு கீழ்க் கொக்கியிலதான் மாட்டியிருக்கான்னு குனிஞ்சு பார்த்தாரு. மேல மாட்டுனா ஏத்தத்துல வண்டி மூஞ்சியத் தூக்கும். அப்பறம் ஏறி பெல்ட்ட மாட்டுனாரு. அந்தச் சத்தம் கொளந்தையப்பன் காதுல விழுந்துச்சு.

"என்னப்பா, தொட்டில்ல போட்டுக் கட்டியிருக்காங்க. பால் குடிச்சாச்சா?"

ஊரு சிரிச்சுச்சு. மருதாசலமும் சிரிச்சுட்டு கியரப் போட்டாரு.

மேளம் முன்னாடி, வண்டி நடுவுல, சனம் மேட்டுப் பக்கமா. செங்கமலமும் மேட்டுலதான் வந்தாங்க, கையில ஒரு பொட்டலம் கடலையோட. பாதி மலை வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. அதுக்கு மேல கழுத்துச் சரிவு. ஒரு பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம். சடையன் போனது அங்கதான்.

அங்கதான் கொளந்தையப்பனோட சம்பந்தி வீட்டு ஆளுங்க பாறை மேல நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தாங்க. காலி மட்கார்டோட சம்பந்தி முன்னாடி எப்படிப் போறது? வண்டி ஊர்ந்துக்கிட்டிருந்தப்பவே கொளந்தையப்பன் தாவி இடது மட்கார்டுல ஏறி உக்காந்து, மீசையத் தடவிக்கிட்டாரு.

மருதாசலம் வண்டிய நிறுத்தினாரு. ஹேண்ட் பிரேக்க இழுத்தாரு. சாவியத் திருப்பி எடுத்து டிராயர் பையில போட்டுக்கிட்டாரு. அந்தப் பையில கை விடற உரிமை ஊர்ல எந்த வகையறாவுக்கும் கெடையாது.

மேளம் ரெண்டு அடி தனியா அடிச்சுட்டு நின்னுச்சு.

"எறங்குங்க," ன்னாரு மருதாசலம்.

"எங்கப்பன் உக்காந்த எடம்டா இது."

"இருக்கட்டும். எறங்குங்க."

கூட்டத்துலருந்து சத்தம் வந்துச்சு. புழுதியில நடந்த ஆளுக்கு ஸ்டீயரிங்கக் குடுத்தா இப்படித்தான்னாங்க. லாரியில சரக்கு ஏத்தினவனுக்கு மனுசன மதிக்கத் தெரியலன்னாங்க. சொந்தக்காரரு ஒருத்தரே கிட்ட வந்து, நமக்கு எதுக்கு மாமா வம்பு, ஓட்டிருங்கன்னு கெஞ்சினாரு. மருதாசலம் எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. கை மட்டும் சாவிப் பக்கம் போகல.

கொளந்தையப்பன் குனிஞ்சு, மத்தவங்களுக்குக் கேக்காம பேசினாரு.

"மேல பரிவட்டம் கட்டறது யாரு தெரியுமில்ல?"

"நீங்கதான்."

"இன்னிக்கு மட்டுமில்ல. வருஷா வருஷம் ஒனக்கே கட்டறேன். ஒன் பையனுக்கும் கட்டறேன். ஓட்டு."

மருதாசலம் அம்மனத் திரும்பிப் பார்த்தாரு. மேட்டுல செங்கமலத்தப் பார்த்தாரு. அவங்க கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"பரிவட்டம் கட்டறதுக்கு எனக்குத் தலை வேணும்," ன்னாரு. "கட்டி விடறதுக்கு உங்களுக்குக் கை வேணும். எறங்குங்க."

தூறல் ஆரம்பிச்சுச்சு. கொளந்தையப்பன் அசையல. இவரும் அசையல. வேட்டி நனைஞ்சுச்சு, மீசை தொங்குச்சு, பாறை மேல இருந்த சம்பந்தி வீட்டு ஆளுங்க குடைய விரிச்சாங்க. மேளக்காரங்க மேளத்துக்குச் சாக்கப் போட்டு மூடுனாங்க. வண்டி நின்ன எடத்துலயே நின்னுச்சு. அந்த எடத்துல ஓரத்து மண்ணு காலையிலயே ஊறிப் போயிருந்துச்சு. அத யாரும் பார்க்கல. மருதாசலமும் பார்க்கல.

கடைசியில பூசாரிதான், அம்மன் நனையறாங்கன்னு பொதுவா வானத்தப் பார்த்துச் சொன்னாரு.

கொளந்தையப்பன் எறங்கினாரு. அம்மனுக்காகத்தான் எறங்கறேன்னு சம்பந்தி காது பட சொன்னாரு. மருதாசலத்துக்கு மட்டும் தனியா ஒண்ணு சொன்னாரு. பரிவட்டத்தக் கனவுல கட்டிக்கோ.

மருதாசலம் அவரு மேட்டுக்கு ஏறற வரைக்கும் பார்த்தாரு. அப்பறம்தான் டிராயர் பையிலருந்து சாவி வெளிய வந்துச்சு. ஸ்டார்ட் பண்ணி, சின்ன கியர் போட்டு, மெதுவா கிளட்ச்ச விட்டாரு. முன் சக்கரம் ஏறுச்சு. இடது பின் சக்கரம் ஏறல. கீழ போச்சு.

ஓரம் அப்படியே சரிஞ்சுச்சு.

குதி, மேட்டுப் பக்கம் குதின்னு மொத்த ஊரும் கத்துச்சு. மருதாசலத்தோட கையும் கேட்டுச்சு. லாரிக்காரக் கை. அது பெல்ட்டுக் கொக்கியத் தேடிப் போச்சு.

தொடறதுக்குள்ள எலுமிச்சம்பழம் விழுந்துருச்சு.

வண்டி இடது பக்கமா படுத்துச்சு. தலைக்கம்பி மண்ணுல குத்தி, பாறையில இடிச்சு, அப்படியே நின்னுச்சு. அதுக்கு மேல உருளல. உருண்டா அந்தப் பக்கம் பள்ளம். டிரெய்லரு ஒரு சக்கரத்தத் தூக்கிக்கிட்டு சாஞ்சு நின்னுச்சு.

இஞ்சின் மட்டும் படுத்த வாக்குல ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பறம் உள்ள இருந்து ஒரு கை வந்து சாவியத் திருப்பி அதையும் நிறுத்துச்சு.

செங்கமலம் மேட்டு வழியா எறங்கி வந்தாங்க. பின்னாடியே சனம் வந்துச்சு. மருதாசலம் சீட்டுலயே இருந்தாரு. சீட்டுதான் நிமிந்து இல்ல. பெல்ட்டுல தொங்கிக்கிட்டு, ஒரு கையில ஸ்டீயரிங்கப் புடிச்சிருந்தாரு. ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அத நாக்கால தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

கொளந்தையப்பன் அவரப் பார்க்கல. இடது மட்கார்டத் தேடினாரு. அது வெளிய தெரியல. மொத்த வண்டியும் அதும் மேலதான் படுத்திருந்துச்சு. தகரத்தோட ஒரு ஓரம் மட்டும் சேத்துலருந்து நீட்டிக்கிட்டிருந்துச்சு, மடிச்ச வெத்தல மாதிரி.

ரொம்ப நேரம் அதையே பார்த்தாரு. சம்பந்தி வீட்டு ஆளுங்களும் குடையோட வந்து பார்த்தாங்க. ஊரே இவரு மூஞ்சியப் பார்த்துச்சு. ஏதாச்சும் சொல்லணும். நன்றி சொல்ல பெரியவூட்டு வகையறாவுக்கு வழக்கம் இல்ல.

"முப்பது வருஷம் லாரி ஓட்டுன ஆம்பள," ன்னாரு. "ஒரு குதி குதிக்கத் தெரியல."

யாரோ ஒருத்தரு சிரிச்சுட்டு நிறுத்திக்கிட்டாரு.

மருதாசலம் தொங்குன வாக்குலயே கழுத்தத் திருப்பினாரு.

"கேக்கறாரு பாருங்க வாத்தியாரே. நானும் மொத நாள்லருந்து இதத்தான் கேக்கறேன். நீங்க இன்னும் பதில் சொல்லல. எந்தப் பக்கம் குதிச்சிருக்கணும்?"

செங்கமலம் டிரெய்லர்கிட்ட போனாங்க. அம்மன் பலகையோட சாஞ்சு, மழையில நனைஞ்சு, அதே எடத்துல இருந்தாங்க. மாலை மட்டும் அறுந்து சேத்துல கெடந்துச்சு. கயிறு வெளிய தெரிஞ்சுச்சு. ஒரு முடிச்சுகூட விடல. செங்கமலம் முந்தானையால அம்மன் மூஞ்சியில இருந்த சேத்தத் தொடச்சு விட்டாங்க.

"இவங்களக் கேளுங்க. இவங்களும் குதிக்கல."